எக்ஸ்-பிளேன் 11க்குள் மீனம்பாக்கத்துக் கடற்காற்று

ஜூன் மாதத்து நண்பகலில் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மெட்டாரை, அதாவது அரைமணிக்கு ஒருமுறை வரும் வானிலை அறிக்கையை, தொடர்ந்து பார்த்துவந்தால், ஏதாவது ஒரு அரைமணி இடைவெளியில் காற்று சட்டென்று திரும்பியிருக்கும். ஒரு மணிக்கு 27012, அதாவது 270 பாகையிலிருந்து, மேற்கிலிருந்து, 12 நாட்ஸ் (மணிக்கு 12 கடல்மைல்). ஒன்றரை மணிக்கு 14010, தென்கிழக்கிலிருந்து 10. கடற்காற்று உள்ளே வந்துவிட்டது. மொட்டைமாடியில் துணி உலர்த்துபவர்களுக்கு இது நல்ல செய்தி. வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்குத் தலைவலி.

காரணம் எளிது. இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று மெட்டார் சொல்வதில்லை. ஓர் இடத்தில் பத்து நிமிடச் சராசரி என்ன என்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். அந்த எண்ணை அப்படியே சிமுலேட்டரில் ஏற்றினால் காற்று ஒரே ஃபிரேமில், திரையில் ஒரு படம் மாறும் நேரத்தில், மாறிவிடும். விமானத்தின் தரைவேகம் அதே நொடியில் மாறாது, ஏர்ஸ்பீடு, அதாவது காற்றோடு ஒப்பிட்ட வேகம், மாறிவிடும். ரன்வே 25க்கு (250 பாகை நோக்கிய ஓடுபாதை) செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் 65 நாட்ஸில் ஃபைனலில், இறங்குவதற்கான கடைசி நேர்ப்பாதையில், வருகிறோம் என்று வையுங்கள். 27012 என்றால் எதிர்க்காற்று 11 நாட்ஸ். 14010 என்றால் பின்காற்று 3 நாட்ஸுக்குச் சற்று மேல். மொத்தம் ஏறத்தாழ 15 நாட்ஸ் போய்விட்டது. மானி 50 காட்டும். 172எஸ் மாடலில் இறக்கையின் ஃபிளாப் முழுதும் இறக்கியிருந்தால் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழப்பது, 40இல், இறக்காவிட்டால் 48இல். அதோடு வலப்பக்கம் 4 நாட்ஸ் இருந்த பக்கக்காற்று இடப்பக்கம் 9 ஆகியிருக்கும். இருநூறு அடியில் இது நடந்தால் மீள்வதற்கு உயரம் மிச்சமில்லை.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து காற்றை மெதுவாக மாற்றுவது. எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் காலத்தில் எஃப்எஸ்யூஐபிசி என்ற துணை நிரலை இதற்காகவே பலர் வைத்திருந்தார்கள். மருந்து நல்லதுதான், ஆனால் எந்த இடத்தில் போடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். விமானம் உணரும் காற்றையே மென்மையாக்கினால் பொய்யான குதிப்பு போகும், கூடவே உண்மையான காற்றுமாற்றமும் போய்விடும். கடற்காற்றின் முகப்பைக் கடக்கும் விமானத்துக்கு நிஜத்திலேயே அரை நிமிடத்தில் 20 நாட்ஸ் மாறலாம். அதை ஐந்து நிமிடத்துக்கு இழுத்தால் அது வேறு ஊர்க் காற்று. ஆகவே நேரத்தால் வரும் மாற்றத்தையும் இடத்தால் வரும் மாற்றத்தையும் தனித்தனியாக வைப்பதென்று முடிவு செய்தேன். மற்றதெல்லாம் அந்த முடிவிலிருந்து வந்தவை.

கருவிகள் சாதாரணம்: எக்ஸ்-பிளேன் 11 என்ற விமான சிமுலேட்டர், அதில் லுவா ஸ்கிரிப்ட் ஓட்ட ஃப்ளைவித்லுவா என்ற இலவசச் செருகுநிரல், ஒரு ஜாய்ஸ்டிக். பதிப்பு 12இல் காற்றடுக்குகள் 13. தரவுப் பெயர்களும் வேறு. 11இல் மூன்றே அடுக்கு. எனக்கு அந்த மூன்றும்கூட வேண்டியிருக்கவில்லை. சிமுலேட்டரின் நிஜ வானிலையை அணைத்துவிட்டு, விமானம் இருக்கும் இடத்துக்கும் உயரத்துக்கும் உரிய காற்றை ஸ்கிரிப்டே கணக்கிட்டு, மூன்று அடுக்கிலும் அதே திசையையும் வேகத்தையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுதிவிடுகிறது. அடுக்குகளுக்கு நடுவே சிமுலேட்டர் எப்படி இடைமதிப்பு எடுக்கிறது என்ற கவலையே இல்லை. வேறு விமானங்கள் கூடவே பறந்தால் அவற்றுக்கும் என் காற்றுதான். தனியாகப் பறப்பவனுக்கு அது பரவாயில்லை.

சரிபார்ப்பதற்கு, விமானத்தின் மேல் இப்போது படும் காற்றின் மூன்று கூறுகளையும் ஏர்ஸ்பீடையும் ஒரு கோப்பில் எழுதவிட்டு லிப்ரே ஆபீஸில் வரைபடமாகப் பார்த்தேன். இதில் இரண்டு சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்-பிளேனின் அச்சுகளில் ஒன்று கிழக்கு நோக்கியது. இன்னொன்று தெற்கு நோக்கியது, வடக்கு அல்ல. அடுத்தது இன்னும் குறும்பு: அடுக்குகளின் காற்றுவேகம் நாட்ஸில் இருக்கிறது, ஆனால் விமானத்தின் இடத்தில் உள்ள காற்றுவேகத்தைச் சொல்லும் தரவு, பெயரில் நாட்ஸ் என்று இருந்தாலும், நொடிக்கு மீட்டரில் வருகிறது. ஆவணத்திலேயே இதற்கு எச்சரிக்கை உண்டு. படிக்காமல் போனால் எல்லாக் காற்றும் பாதியாகத் தெரியும், 1.94ஆல் பெருக்க வேண்டும்.

காற்றைத் திசையாகவும் வேகமாகவும் வைத்துக்கொண்டு கணக்குப் போடக்கூடாது. 350இலிருந்து 010க்குப் போகச் சொன்னால், எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் தெற்கு வழியாக 340 பாகை சுற்றிவரும். கிழக்குக் கூறு, வடக்குக் கூறு என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுதும்போது மட்டும் திசைக்குத் திருப்பினால் இந்தத் தொல்லை இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் மெட்டார் சொல்கிறது. ஆகவே கூறுகளுக்கு எதிர்க்குறி போட வேண்டும்.

கூறுகளாக வைப்பதில் இன்னொரு லாபம் உண்டு. சென்னைக்கு மேலே தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்று உயரத்தோடு தலைகீழாகிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் பலத்த மேற்குக் காற்று. இந்தத் தாழ்நிலை ஜெட், அதாவது ஒடுங்கிய வேகக்காற்றோட்டம், தீபகற்பத்தின் மேல் இருப்பதை வானிலையாளர்கள் ஜோசப், ராமன் இருவரும் 1966இல் எழுதினார்கள். மேலே 14, 15 கிலோமீட்டரில் கிழக்கிலிருந்து வீசும் வெப்பமண்டலக் கீழைஜெட்; அதைக் கோடீஸ்வரம் 1958இலேயே விளக்கியிருந்தார். நடுவில் எங்கோ காற்று கிட்டத்தட்ட நின்றுபோகிறது. திசையைச் சுழற்றி இடைமதிப்பு எடுத்தால், அந்த உயரத்தில் வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ 30 நாட்ஸ் காற்று முளைத்துவிடும். நிஜத்தில் அப்படி ஒன்று கிடையாது. கூறுகளில் எடுத்தால் வேகம் தானே குறைந்து சுழியை ஒட்டிப் போய் மறுபக்கம் ஏறும்.

உயரக் காற்றுக்கான எண்களை மீனம்பாக்கத்திலிருந்து விடும் வானிலைப் பலூன் தருகிறது. நிலைய எண் 43279. வயோமிங் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் யாரும் பார்க்கலாம். அதிலிருந்து 850, 700, 500, 300, 200, 150 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டங்களை மட்டும் (எண் குறையக் குறைய உயரம் கூடும்) எடுத்து ஓர் அட்டவணை. ஜூலையில் சென்னையிலிருந்து மும்பைக்கு 737இல் ஏறினால், கீழே மூக்கில் அடித்த காற்று மேலே போகப்போக முதுகில் தள்ளுவது தெரியும். பாதி உயரம்வரை தரைவேகம் ஏறவே மறுக்கும், பிறகு விறுவிறுவென்று கூடும். மேலடுக்குக் காற்றை ஒற்றை எண்ணாகப் போட்டு ஓட்டியவர்கள் ஒருமுறை இப்படி ஓட்டிப் பார்க்கலாம்.

நேரத்தடையைப் போட வேண்டியது இந்த அட்டவணையில்தான். புதிய பலூன் தரவு வந்ததும் எண்களை உடனே மாற்றாமல், ஒவ்வொரு மட்டத்தின் ஒவ்வொரு கூறும் நொடிக்கு 0.1 நாட்ஸுக்கு மேல் நகரக்கூடாது என்று வைத்தேன். கணக்கு இது: 100 கடல்மைலில் 40 நாட்ஸ் மாறும் காற்றை 450 நாட்ஸ் தரைவேகத்தில் கடக்க 13 நிமிடம் ஆகும், நிமிடத்துக்கு 3 நாட்ஸ். அதன் இருமடங்கை உச்சவரம்பாக்கினேன். தடை இல்லையென்றால் என்ன ஆகும் என்பதும் கணக்கில் தெரியும். 35,000 அடியில், தர வளிமண்டலத்தில், ஒலியின் வேகம் 576 நாட்ஸ். மாக் 0.78இல் (ஒலிவேகத்தில் 0.78 பங்கு) போகும் 737க்குப் பின்காற்று 40 நாட்ஸ் ஒரே நொடியில் குறைந்தால் அது மாக் 0.85, அதன் வரம்பு 0.82. வேக எச்சரிக்கை கடகடவென்று அடிக்கும், ஆட்டோத்ராட்டில் எஞ்சினை அடியோடு இழுக்கும், ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிக்க மூக்கைத் தாழ்த்தும். அட்டவணை மெதுவாக நகர்ந்தால் இதெல்லாம் இல்லை. அதே சமயம் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டவணையின் மட்டங்களை எந்தத் தடையும் இல்லாமல் கடக்கிறது. கிடைக்க வேண்டிய காற்றுமாற்றம் கிடைத்துவிடுகிறது.

தரையோரம் வேறு விதி. மெட்டார் காற்று 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. உராய்வு குறையக் குறைய மேலே காற்று கூடும். உயர விகிதத்துக்கு ஏழில் ஒன்று அடுக்குக்குறி என்ற பழைய சூத்திரத்தைப் போட்டேன். 10 மீட்டரில் 12 நாட்ஸ் என்றால் 300 மீட்டரில் 19க்குச் சற்று மேல். நடுப்பகல் வெயிலில் காற்று மேலும்கீழும் நன்றாகக் கலந்துவிடுவதால் இந்த வேறுபாடு குறைவு. பகலுக்கு அடுக்குக்குறியை 0.1 ஆக்கினேன்; அப்போது 300 மீட்டரில் 17. இரவுக்கு அப்படியே விட்டேன். சின்ன விஷயம்தான், ஆனால் ஃபைனலில் எதிர்க்காற்று மெல்ல மெல்லக் கரைவதும், அதற்கு ஈடாக த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டியிருப்பதும் இதனால்தான் வருகிறது.

இனி கடற்காற்று.

எண்ணூரிலிருந்து கோவளம்வரை கரையை ஒரே நேர்கோடாக எடுத்துக்கொண்டேன். அடையாறு முகத்துவாரத்தின் வளைவெல்லாம் இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. தீர்க்கரேகை வேறுபாட்டை 13 பாகையின் கொசைனால் பெருக்கினால் கிலோமீட்டர் சரியாக வரும். அந்தக் கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு, அதுதான் கடற்காற்றின் முகப்பு. அது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மேற்கே நகர்கிறது. விமானம் முகப்புக்குக் கடல்பக்கமா நிலப்பக்கமா, எவ்வளவு தள்ளி என்பது ஒரே கழித்தல் கணக்கு. நடுவில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு இரண்டு காற்றும் கலக்கின்றன. கடற்காற்றின் தடிமன் 450 மீட்டர்; அதற்கு மேலே பழைய மேற்குக் காற்றே வீசுகிறது. அங்கும் 100 மீட்டர் கலப்பு. இந்த எண்கள் நான் தேர்ந்தவை. நாளுக்கு நாள் மாறக்கூடியவை.

சிக்கல் எங்கே என்றால், மெட்டார் திரும்பியதைப் பார்க்கும்போது முகப்பு விமான நிலையத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டது. கரையிலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். 3 மீட்டர் வேகத்தில் 55 நிமிடம். அதாவது முகப்பு கரையேறியது முக்கால் மணிக்கும் முன்னால். நேரலை வானிலையில் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியில்லை. ஆகவே சிமுலேட்டரின் வானிலையை ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓட்டுகிறேன். ஸ்கிரிப்டுக்கு ‘வருங்கால’ மெட்டார்கள் கையில் இருக்கும். ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவே திரும்பியது என்றால் ஒன்றேகாலுக்கு முகப்பு விமான நிலையத்தைத் தொட வேண்டும், அப்படியானால் 12.20க்குக் கரையிலிருந்து புறப்படட்டும். ஒன்றரை மணி தாமதத்தை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பழைய நாள் ஒன்றை மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெட்டார் காப்பகத்தில் மீனம்பாக்கமும் இருக்கிறது.

எல்லாத் திசைமாற்றமும் கடற்காற்று அல்ல. அதற்கு மெட்டாரின் வெப்பநிலைப் பகுதியைப் பார்க்கிறேன். அதில் முதல் எண் வெப்பநிலை, இரண்டாவது பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை. 38/19 என்றிருந்தது 35/26 என்று மாறினால், ஈரமான காற்று நுழைந்திருக்கிறது. பனிநிலை ஏறியிருப்பதே சாட்சி. காற்றும் கிழக்குப் பாதிக்குத் திரும்பியிருந்தால் முகப்பை ஓடவிடலாம். பனிநிலை அசையாமல் திசை மட்டும் மாறியிருந்தால் அது மெதுவான மாற்றம்; அட்டவணையின் தடையோடு போகட்டும். இடிமழையிலிருந்து வெளியேறும் குளிர்காற்று மூன்றாவது வகை. அதற்கு வெப்பநிலை சரசரவென்று இறங்கும். அதை நான் இன்னும் தொடவில்லை. திசை 60 பாகையோ அதற்கு மேலோ மாறி வேகம் 10 நாட்ஸோ அதற்கு மேலோ இருந்தால் அரைமணிக்குக் காத்திராமல் ஸ்பெசி என்ற சிறப்பு அறிக்கை வெளியாகும்; அது கிடைத்தால் நேரத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கலாம். ‘விஆர்பி’ என்று திசையே இல்லாமல் வரும் மெல்லிய காற்றுக்கு, பழைய திசையை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் குறைக்கிறேன்.

ஓட்டிப் பார்த்தேன். செஸ்னாவை அந்த ரன்வேயில் நிஜத்தில் எத்தனை பேருக்கு இறக்கக் கிடைக்கும் என்பது வேறு கதை. முகப்பு கிண்டிமேல் நிற்கும் நேரமாகப் பார்த்து, கடல்பக்கமிருந்து ரன்வே 25க்கு மூன்று பாகைச் சரிவில் வந்தேன். பட்டினப்பாக்கம் பக்கம் கரையைத் தாண்டும்போது உயரம் 1,800 அடி. இன்னும் மேற்குக் காற்றுக்குள்தான்: எதிர்க்காற்று 17 நாட்ஸ், மூக்கு சற்று வலப்பக்கம் திரும்பியிருந்தது. 450 மீட்டரை நெருங்கியதும் ஏர்ஸ்பீடு ஊசி சரியத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் எதிர்க்காற்று முழுதும் போய்ப் பின்காற்று 4. த்ராட்டிலைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது; மூக்கு இடப்பக்கத்துக்கு மாறியது. தரைவேகம் கூடியதால் கோட்டூர்புரம் கீழே வழக்கத்தைவிட வேகமாக நழுவியது. சரிவைப் பிடிக்க இறங்குவேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. கிண்டி நெருங்கியதும், 700 அடிக்குச் சற்றுக் கீழே, எல்லாம் தலைகீழ். அரை நிமிடத்தில் 20 நாட்ஸ் எதிர்க்காற்று திரும்ப வந்தது. ஏர்ஸ்பீடு 80ஐத் தாண்டியது, விமானம் சரிவுக்கு மேலே மிதந்தது, மூக்கு மறுபடி வலப்பக்கம். சற்றுமுன் தள்ளிய த்ராட்டில் அத்தனையையும் திரும்ப இழுத்தாக வேண்டும். இழுத்துவிட்டு அப்படியே மறந்துவிட்டால், எதிர்க்காற்றில் தரைவேகம் குறைந்தபின் சரிவுக்குக் கீழே போய்விடும்.

கோப்பில் பதிவான வரைபடத்தில் இது ஒரு பள்ளமும் ஒரு மேடுமாகத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கும் செங்குத்தான கோடு இல்லை. எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

வீச்சுக்காற்றுக்கு வருவோம். சராசரியைவிட 10 நாட்ஸோ அதற்கு மேலோ உச்சம் இருந்தால்தான் மெட்டார் அதைத் தனியாகச் சொல்லும். இதற்கு சைன் அலை போடுபவர்கள் உண்டு; இரண்டு சுற்று போனதும் கை அதைப் பழகிக்கொள்ளும், பிறகு அது காற்றே அல்ல. விமானவியலில் நெடுங்காலமாகப் புழங்கும் டிரைடன் மாதிரியின் எளிய வடிவத்தைப் போட்டேன்: சமவாய்ப்பு எண்ணை ஒரு வடிகட்டி வழியே அனுப்புவது. வடிகட்டியின் நேர அளவு உயரத்தைப் பொறுத்தது. 200 அடியில் நீளவாட்டுக் காற்றுக்கு அளவுநீளம் சுமார் 725 அடி; 65 நாட்ஸில் அதைக் கடக்க ஆறரை நொடி. இறங்க இறங்க நீளம் சுருங்கும், குலுக்கல் வேகமாகும். எவ்வளவு பலம் என்பதற்கு, மெட்டாரின் உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளியை மூன்றால் வகுக்கிறேன். லுவா தரும் சமவாய்ப்பு எண்களில் பன்னிரண்டைக் கூட்டி ஆறைக் கழித்தால் மணிவடிவப் பரவல் கிடைத்துவிடும், தனி நூலகம் வேண்டாம்.

இங்கே ஃபிரேம் வேகத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் கெட்டது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே அளவு சமவாய்ப்பைக் கூட்டினால், 60 ஃபிரேம் ஓடும் கணினியில் ஒரு காற்றும் 20 ஃபிரேமில் தவழும் கணினியில் வேறொரு காற்றும் வீசும். மேகம் திரண்டு திரை தடுமாறும்போது காற்றும் குணம் மாறும். ஃபிரேமின் கால அளவைத் தரவிலிருந்து எடுத்து, பழைய மதிப்பைத் தேய்க்கும் விகிதத்தையும் புதிதாகச் சேர்க்கும் அளவையும் அதிலிருந்தே கணக்கிட வேண்டும். அதே காரணத்துக்காகத்தான் காற்றை எழுதும் வேலை ஒவ்வொரு ஃபிரேமிலும் நடக்கிறது. நொடிக்கு ஒருமுறை எழுதினால் படிப்படியாகக் குதிக்கும். மெட்டார் கோப்பைப் படிப்பது பத்து நொடிக்கு ஒருமுறை போதும். சிமுலேட்டரை நிறுத்திவைத்தால் முகப்பும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காபி போட்டுவிட்டு வருவதற்குள் அது தாம்பரம் போயிருக்கும்.

மேகத்தில் நான் கைவைக்கவில்லை. முகப்பின் மேலெழும் காற்றையும் விட்டுவிட்டேன்; அடுக்குகளில் செங்குத்துக் காற்றை எழுத இடமில்லை. அதற்குப் பதில் கலப்புப் பகுதியில் மட்டும் கொந்தளிப்பு அளவைச் சற்று ஏற்றியிருக்கிறேன். ஏமாற்று வேலைதான்.

இதே ஸ்கிரிப்டைக் கோயம்புத்தூருக்கு மாற்ற விரும்புபவர்களுக்கு: முகப்புப் பகுதியை முழுதாக அணைத்துவிடுங்கள். அங்கே பருவக்காற்று 30, 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. ரன்வேயும் 05/23 என்று அதை நோக்கியே கிடக்கிறது. திசை பெரிதாக மாறாது, வீச்சுதான் எல்லாம். ஆகவே டிரைடன் பகுதிக்குத்தான் அங்கே வேலை. இன்னொன்று, தரையோரச் சூத்திரத்துக்குக் கடல்மட்ட உயரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மீனம்பாக்கத்தில் 16 மீட்டர், வித்தியாசம் தெரியாது. கோயம்புத்தூர் ரன்வே 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அதைக் கழிக்காவிட்டால் ரன்வேயில் நிற்கும்போதே மெட்டாரின் 15 நாட்ஸ் இரவில் 25 ஆகிவிடும்.